பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு

பெற்றோரின் ஹக்கு, பிள்ளைகளின் ஹக்கு, கணவன் மனைவியரின் ஹக்கு, அண்டை வீட்டாரின் ஹக்கு என்று பல கடமைகளைப் பற்றி நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம், கிதாபுகளில் படித்திருக்கிறோம். ஆனால் வாசற்படியை விட்டு இறங்கியதும் நாம் கால் வைக்கிறோமே, அந்தப் பாதைக்கும் நம்மீது ஒரு ஹக்கு இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

பெருமானார் (ஸல்) அவர்கள் பாதைகளில் உட்காருவதைப் பற்றித் தம் தோழர்களை எச்சரித்தார்கள். அங்கே அமர்ந்து பேசாமல் எங்களால் இருக்க முடியாதே என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுமாறு கூறினார்கள். அது என்ன ஹக்கு என்று கேட்கப்பட்டது. பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவை என விளக்கினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது.

இவற்றுள் ‘தொல்லை தராதிருப்பது’ என்ற ஒன்றை மட்டும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். காரணம், இன்று நம் தெருக்களில் பார்வையிழந்தவர் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் நகர முடியவில்லை. மதரஸாவுக்குப் போகும் பிள்ளை உயிரோடு வீடு திரும்புமா என்று உம்மாமார் வாசலில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முள்ளை அகற்றுவதும் முள்ளைப் போடுவதும்

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றில் மேலானது கலிமா. கடைசிப் படியில் உள்ளது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது. இந்த ஹதீஸை நம் பிள்ளைகளும் மனனம் செய்திருக்கிறார்கள். பாதையில் கிடந்த ஒரு முட்கிளையை ஒதுக்கிப் போட்ட மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியும் ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது.

இதைக் கேட்டுவிட்டு, வழியில் கிடக்கும் கல்லையோ வாழைப்பழத் தோலையோ ஒதுக்கினால் போதும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதுவும் நன்மைதான், ஐயமில்லை. ஆயினும் சிறிது சிந்திப்போம். முள்ளை அகற்றியவருக்கு மன்னிப்பு என்றால், முள்ளைக் கொண்டுவந்து போட்டவரின் நிலை என்ன? அந்த முள்ளைச் சிமெண்டில் கட்டி, நிரந்தரமாகத் தெருவில் நிறுத்தி வைத்தவரின் நிலை என்ன? காற்றில் வந்து விழுந்த முள் ஒரு நாள் குத்தும். தெருவுக்குள் நீட்டிக் கட்டிய படிக்கட்டோ முப்பது ஆண்டுகள் குத்தும்!

தெரு யாருக்குச் சொந்தம்?

இருபுறமும் திறந்திருக்கும் பொதுத்தெரு எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமன்று. அதில் நடக்கும் எல்லோருக்கும் அது பொது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல் மறைந்தார்கள். மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் அவர்களுடைய ‘மின்ஹாஜ்’ என்னும் நூலில் இதன் சட்டங்கள் தெளிவாகக் கூறப்பட்டுள்ளன.

பொதுத்தெருவில், நடப்பவர்களுக்குத் தீங்கு தரும் எந்தச் செயலும் கூடாது. வீட்டு மாடியின் முகப்பைத் தெருப்பக்கம் நீட்டுவதாயின், அதன் கீழே ஒருவர் தலை குனியாமல் நிமிர்ந்து நடந்து போகும் உயரத்தில் இருக்க வேண்டும். அது பயணக் கூட்டங்கள் போகும் பாதையாயின், ஒட்டகத்தின் மீது கட்டிய சிவிகை, அதன் மேற்கூரைக் கம்புகளோடு தட்டாமல் போகும் உயரம் வேண்டும். முகப்பை நீட்டுவதற்காகப் பணம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்வதும் கூடாது. தெருவில் திண்ணை கட்டுவது ஹராம் என்பதையே இமாமவர்கள் முதன்மையான கருத்தாக வைக்கிறார்கள். தீங்கு இல்லையெனில் ஆகும் என்ற மற்றொரு சொல்லும் இருப்பதை அடுத்துக் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இமாமவர்கள் அளவுகோலை எங்கிருந்து எடுத்தார்கள்? வீடு கட்டுபவரின் வசதியிலிருந்து எடுக்கவில்லை. அந்தத் தெருவில் நடப்பவரின் தேவையிலிருந்து எடுத்தார்கள். நடப்பவர்களிலும் கைவீசிப் போகும் வாலிபரை அவர்கள் அளவாகக் கொள்ளவில்லை. ஒட்டகச் சிவிகையைக் கணக்கில் கொண்டார்கள். கடந்து போக மிக அதிகமான இடம் யாருக்குத் தேவையோ அவரை அளவாகக் கொண்டார்கள். அவர் போக முடிந்தால் மற்ற எல்லோரும் போக முடியும் அல்லவா?

இன்று நம் தெருவில் அந்த இடத்தில் இருப்பவர் யார்? சக்கர நாற்காலியில் வருபவர். வெண்கோலால் தட்டித் தட்டி வழி காணும் பார்வையற்றவர். கைத்தடி ஊன்றிய நன்னாமார்கள். இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பையுமாக நடக்கும் தாய். இவர்களே இன்றைய அளவுகோல். இவர்களால் போக முடியாத தெரு, ஃபிக்ஹின் நோக்கப்படி இன்னும் முழுமையான தெரு ஆகவில்லை.

ஏழு முழமும் கூஃபா நகரமும்

பாதையின் அகலத்தில் தகராறு எழுந்தால் ஏழு முழமாக வைத்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஹதீஸில் வந்துள்ளது. ஏழு முழம் என்பது சுமார் பத்தரை அடி. சுமையேற்றிய பிராணிகள் சிரமமின்றி வந்துபோக வேண்டும் என்பதே இதன் கருத்து என்று அறிஞர்கள் விளக்குவர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638), ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் பொறுப்பில் கூஃபா நகரம் எழுந்தது. பெருந்தெருக்கள் நாற்பது முழம், அடுத்தவை முப்பது முழம், அதற்கடுத்தவை இருபது முழம், சந்துகள் ஏழு முழம், அதற்குக் குறைவாக எதுவும் இருக்கலாகாது என்று கலீஃபா அவர்கள் கட்டளை அனுப்பியதாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதியுள்ளார். வீடுகள் எழுந்த பின்னர் மிஞ்சிய இடத்தைத் தெரு என்று விட்டுவிடவில்லை. தெருவுக்கு உரியதை முதலில் அளந்து வைத்தார்கள். நம் ஊர்களில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு அல்லவா?

இமாம் கஸ்ஸாலீ தரும் பட்டியல்

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், ‘இஹ்யாவு உலூமித்தீன்’ நூலில் தெருக்களில் நடக்கும் தீமைகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் படிப்பவருக்கு நம் கடைத்தெருவைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்!

கட்டடத்தை ஒட்டித் திண்ணை எழுப்புவது, தூண் நிறுத்துவது, விறகையும் தானிய மூட்டைகளையும் வழியில் போட்டு வைப்பது ஆகியவை பாதையை நெருக்கி நடப்போருக்குத் தீங்கு தருமானால் விலக்கப்பட்டவை என்கிறார்கள். ஆயினும், வந்திறங்கிய விறகை வீட்டுக்குள் எடுத்துப் போகும் நேரம் வரை வழியில் வைத்திருப்பது எல்லோருக்கும் உள்ள தேவையாதலால் அதற்கு இடம் தருகிறார்கள். வழியை நெருக்கும்படி பிராணிகளைக் கட்டி வைப்பதும் கூடாது. ஏறவும் இறங்கவும் தேவையான நேரத்துக்கு மட்டும் ஆகும். ஆடை கிழியும்படி முட்சுமை ஏற்றிய பிராணியைக் கூட்டத்தில் ஓட்டுவது, கடை வாசலிலேயே அறுத்துப் பாதையை இரத்தத்தால் அசுத்தமாக்குவது, பழத்தோலைப் போடுவது, வழுக்கி விழும்படி தண்ணீர் தெளிப்பது ஆகியவற்றையும் அதே வரிசையில் வைக்கிறார்கள்.

பிராணியின் இடத்தில் இன்று மோட்டார் சைக்கிளையும் காரையும் வைத்துப் பாருங்கள். ஏறி இறங்கும் நேரத்துக்கு மட்டும் என்பதே சட்டம். நாமோ இரவு முழுவதும் நடைபாதையில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறோம். முட்சுமையின் இடத்தில், பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளோடு ஓடும் வண்டியை வைத்துப் பாருங்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சட்டமா அது? இன்று காலையில் எழுதியது போலிருக்கிறது.

அனுமதி உண்டு, ஆனால் பொறுப்பும் உண்டு

மின்ஹாஜில் இன்னொரு சட்டம் நம் உள்ளத்தைத் தட்டி எழுப்பக்கூடியது. கூரை நீர் விழும் குழாயைத் தெருப்பக்கம் நீட்டிக்கொள்ள அனுமதி உண்டு; ஆனால் அதனால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் நீட்டியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அது. குப்பையையும் தர்பூசணித் தோலையும் பாதையில் எறிந்ததால் ஒருவர் வழுக்கி விழுந்தாலும் எறிந்தவரே பொறுப்பாளி.

எனவே, அனுமதி வாங்கிவிட்டேன் என்ற சொல்லோடு கணக்கு முடிவதில்லை. நம்முடைய சறுக்கலான சாய்தளத்தில் மழைநாளில் ஒரு மூதாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நகராட்சி நம்மைக் கேட்காமல் விடலாம். மறுமையில் கேட்கப்பட மாட்டோம் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

இன்றைய அறிவு சொல்வது என்ன?

முன்னோர்கள் முழத்தால் அளந்ததை இன்றைய பொறியாளர்கள் மீட்டரால் அளக்கிறார்கள். நோக்கம் ஒன்றுதான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நடைபாதையில் எந்தத் தடையுமின்றி நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி, இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கடந்து போக இந்த அகலம் போதும். சுமையேற்றிய பிராணிகளை நினைத்து ஏழு முழம் சொல்லப்பட்டது. சக்கர நாற்காலியை நினைத்து ஆறடி சொல்லப்பட்டது. கருத்து ஒத்துப்போவதைப் பாருங்கள்!

நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு, அதாவது அரையடிக்கு, மேல் போகக்கூடாது. மேலே போனால் முதியவர்கள் ஏற மாட்டார்கள். சாலையிலேயே இறங்கி நடப்பார்கள். சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடி நீளத்தில் செங்குத்தாகப் பூசி வைத்துவிட்டு, நாங்களும் சாய்தளம் அமைத்தோம் என்று சொல்வதில் பயனில்லை. அதில் சக்கர நாற்காலி ஏறாது, மீறி ஏற்றினால் பின்னால் கவிழும்.

ரயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய கற்கள் பதித்திருப்பதை நாம் பார்க்கிறோம். பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் உணர்ந்து நடக்க, ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-இல் இதைக் கண்டுபிடித்தார். 1967-இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நீளக் கோடுகள் இருந்தால் நட என்றும், புள்ளிகள் இருந்தால் நில், கவனி என்றும் பொருள். அந்தக் கல்லின் மீது வண்டியை நிறுத்துபவர், ஒரு பார்வையற்றவர் பற்றி நடக்கும் கையைத் தட்டிவிடுபவருக்கு ஒப்பானவர்.

அடுத்தது வேகம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். அந்த முதல் கார் நின்ற இடத்தில், இந்தக் காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கை மிதித்திருக்கவே மாட்டார்! அந்த 13-ஆவது மீட்டரில் நம் குழந்தை நின்றால் என்னாகும்? ஆகவேதான், மக்கள் நடக்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாதென்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு வலியுறுத்தியது. வேகத்தைப் பலகையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. வேகத்தடை, மேடாக உயர்த்திய கடக்குமிடம், அகலமான சாலையின் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு என்று தெருவின் அமைப்பே வண்டியை மெதுவாக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களில் சென்றவர்களுமே. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,000-க்கும் மேல்.

சில கேள்விகள்

‘எல்லாம் தக்தீர், விதித்தது நடக்கும்’ என்று சிலர் சொல்லக்கூடும். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை அவர்கள் நினைவுகூர வேண்டும். மனிதன் தவறு செய்வான். ஆனால் அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை ஸ்வீடன் நாட்டின் பாராளுமன்றம் 1997-இல் ஏற்றது. அது ஒட்டகத்தைக் கட்டும் வேலைதான்.

‘நடைபாதையில் கடை போடும் ஏழை எங்கே போவான்?’ என்றும் கேட்கப்படும். நியாயமான கேள்வி. தெருவின் முதல் பயன் நடப்பதே. எனினும் நடப்போருக்கு நெருக்கடி தராமல், இளைப்பாறவும் வியாபாரம் செய்யவும் அதில் அமரலாம். ஆட்சியாளரின் அனுமதிகூடத் தேவையில்லை. வெயிலுக்குப் பாய் கட்டி நிழல் செய்துகொள்ளவும் ஆகும் என்று மின்ஹாஜே கூறுகிறது. ஆகவே ஏழையின் கூடையை எட்டி உதைக்க மார்க்கம் சொல்லவில்லை. நடக்கும் அகலத்தை விட்டுவிட்டு ஓரமாக அமர அவருக்கு இடம் ஒதுக்குவதே முறை. இன்னொன்றையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். கூடைக்காரர் மாலையில் எழுந்து போய்விடுகிறார். கடையின் படியையும் பெயர்ப்பலகையையும் ஜெனரேட்டரையும் நடைபாதையில் நிறுத்தியிருக்கும் வசதி படைத்தவர் எழுந்து போவதே இல்லை.

‘இது அரசாங்கத்தின் வேலையல்லவா?’ என்பது மூன்றாவது கேள்வி. ஆம், பெரும்பகுதி அரசின் வேலைதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையை விதித்திருக்கிறது. தடையற்ற நடைபாதை, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் கூறியிருக்கிறது. ஆகவே கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஆறடி நடைபாதையை அரசு போட்டு, அதில் நான்கடியை நாம் எடுத்துக்கொண்டால், யாரைக் குற்றம் சொல்வது?

நம் மஹல்லாவிலிருந்து தொடங்குவோம்

ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கிக்கொண்டு வழியை அடைத்துவிட்டார்கள். வழியை அடைத்தவருக்கு அந்தப் போரின் நன்மையே இல்லை என்று அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பியதாக அபூதாவூதில் உள்ளது. உயிரைக் கொடுக்கப் புறப்பட்டவர்களுக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஜும்ஆவுக்கு வந்து ஆம்புலன்ஸ் போக முடியாதபடி வண்டியை நிறுத்துபவருக்கு என்ன சொல்வது? நோன்புக் கஞ்சி வாங்கும் வரிசையும், கல்யாணப் பந்தலும், குர்பானியின் கழிவுநீரும் அயலாரின் வழியை அடைக்கும்போது, அவர்கள் முஸ்லிமா அல்லவா என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதையின் ஹக்கு பாதையில் நடக்கும் எல்லோருக்கும் உரியது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் வீட்டாருக்கும் சில வேண்டுகோள்கள்:

1. பள்ளிவாசல் வாசலில் முறையான சாய்தளமும், ஒளுச் செய்யுமிடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் அமைத்திடுக.

2. வெள்ளிதோறும் வண்டிகளை ஒழுங்குபடுத்த வாலிபர்கள் நால்வரை நியமித்து, நடக்கும் வழியைத் திறந்து வைத்திடுக.

3. வீடு கட்டும்போது படிக்கட்டும் சாய்தளமும் நம் எல்லைக்குள்ளேயே முடியட்டும். வரைபடம் போடும் பொறியாளரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

4. மதரஸா, பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் வேகத்தடையும் கடக்குமிடமும் கேட்டு, ஜமாஅத்தின் பெயரால் நகராட்சிக்கு மனுக் கொடுத்திடுக.

5. இந்த வாரம் ஒருநாள், நம் வீட்டு முதியவர் ஒருவரின் கைபிடித்து, பள்ளிவாசல் வரை அவருடைய நடையிலேயே நடந்து பாருங்கள். தெருவில் எது முள் என்பதை அவருடைய கால் காட்டிக்கொடுக்கும்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற ஸஹாபி. அவர்கள் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. மதீனாவில் பஜ்ருடைய பாங்கு சொல்லும் பேறு பெற்றவர்கள் அவர்கள். அந்தப் பெருமகனார் இன்று நம் மஹல்லாவில் குடியிருந்தால், நாம் அடைத்து வைத்திருக்கும் தெருவைக் கடந்து, சுப்ஹுக்குப் பாங்கு சொல்லப் பள்ளிவாசல் வந்து சேர்வார்களா? இந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிற தெருவே ஹக்கு நிறைவேறிய தெரு.

பாதைக்குரிய ஹக்கை அறிந்து, அதைப் பாதையில் நடப்போருக்குக் கொடுத்து வாழும் நல்லடியார்களாக, வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.